மைத்துனருக்கு ஒரு ஸ்பீக்கர்

அன்று ஹாலில் இருந்தவர்கள் மூன்று பேர். சோபாவின் வலது ஓரத்தில், கைப்பிடிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு டைம்கீப்பர். டிவி மேசைக்கு முன்னால் தரையில், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, பல்லிடுக்கில் சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கவ்விக்கொண்டு அவருடைய மைத்துனர். வாசலை ஒட்டிய ஸ்டூலில், வந்து வெகுநேரம் ஆகியும் கைப்பையை மடியிலிருந்து இறக்காமல், டைம்கீப்பரின் மகள். சோபாவுக்கும் ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலிக்கும் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அதில் ஆள் இல்லை. புது ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டியை மைத்துனர் அதன்மேல் வைத்திருந்தார்.

"அதுல ஏன் வெச்சே?" என்றார் டைம்கீப்பர்.

"அக்கா பார்த்துக்குவா," என்றார் மைத்துனர், ஸ்க்ரூடிரைவரை வாயிலிருந்து எடுக்காமலே.



டைம்கீப்பர் என்பது பேரல்ல, பார்த்த உத்தியோகம். பேருந்து நிலையத்தில் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டுமோ அப்போது விசில் ஊதி அனுப்பிவைப்பது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அதுதான் பேர். ஒருமுறை அவருடைய மனைவியே இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று விசில் ஊதி அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் அடுத்த வண்டியில் வீட்டுக்கு வந்து, கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது முதல் வார்த்தையே, "மணி என்னங்க?" என்பதுதான். கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

மைத்துனர் அந்த அம்மாளின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஊரில் ஏதாவது ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுபோகும். இவர் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். இப்படியே காலம் போய், அக்காள் வீட்டுப் பின்னறை அவருடைய அறை என்று ஆகிவிட்டது. மாடி உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளிலேயே வாழ்க்கையைக் கழித்ததில் இடது காது முழுசாகப் போயிற்று. வலது காதில் பாதி மிச்சம். அதனால் சாயங்காலம் டிவி பார்க்கும்போது அக்காள் நடுவில் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். டிவியில் பேசுவதைத் தம்பியின் வலது காதுப் பக்கம் சாய்ந்து, ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். சில சமயம் கதையில் இல்லாததையும் சேர்த்துச் சொல்வாள். அதனால் ஒரே படத்தை டைம்கீப்பரும் மைத்துனரும் வேறு வேறு மாதிரி ஞாபகம் வைத்திருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு டைம்கீப்பர் சிரித்தால் மைத்துனரும் சிரிப்பார். எதற்கென்று தெரியாமலே சிரிக்கிறார் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

இதைக் கவனித்துத்தான் மகள் அன்றைக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கிவந்திருந்தாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். எதையும் பார்த்தவுடன் என்ன குறை என்று கண்டுபிடித்து, அதற்கு மருந்தும் தேடுகிற குணம். ஸ்பீக்கர் ஒரு செம்பு அளவுதான் இருந்தது. அதை மைத்துனர் உட்காரும் ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலிப் பக்கம், வலது காதுக்கு நேராக வைத்துவிட்டால், டிவியில் பேசுவது வயர் இல்லாமலே அதில் வரும். அதற்கு டிவியும் ஸ்பீக்கரும் வீட்டு வைஃபையில் ஒன்றாகச் சேர வேண்டும். பழைய ரவுட்டர் ஒரு இடி மின்னலில் உயிரை விட்டிருந்தது. ஆகவே புது ரவுட்டரும் கூடவே வந்தது.

"மாமா, ஸ்டிக்கர்ல பாஸ்வேர்டு இருக்கு பாருங்க. அதை டிவியில போடுங்க."

"போட்டாச்சு பாப்பா. டிவி ஒத்துக்கிச்சு. இப்ப இந்தக் குட்டிச்சாத்தானைச் சேர்க்கணும்." மைத்துனர் ஸ்பீக்கரின் தலையில் விரலை வைத்து அழுத்தினார். அது ஒரு நீல விளக்கைக் காட்டியது. அதைச் சாய்வு நாற்காலிப் பக்கம் வைத்துவிட்டு டிவிக்கு முன்னால் திரும்ப வந்து உட்கார்ந்தார். "முழிச்சிக்கிச்சு. அத்தான், டிவியில எதையாவது போடுங்க."

டைம்கீப்பர் ரிமோட்டை எடுத்து ஒரு பழைய படத்தைப் போட்டார். ஜன்னலோரத்து நாற்காலிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல், "நீங்க எப்ப வந்தீங்க?" என்று தெளிவாகக் கேட்டது. மைத்துனர் துள்ளி எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடேயப்பா! காதுக்குள்ள வந்து பேசறாளே!" என்றார் மைத்துனர். முகமெல்லாம் பல். நாற்காலியில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, அதே சந்தோஷத்தோடு சொன்னார்: "அப்ப சரி. ஹால் வேலை முடிஞ்சுது. இனி நான் நிம்மதியாக் கிளம்பலாம்."

டைம்கீப்பர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

கிளம்புவது புதுச் செய்தி இல்லை. மைத்துனரோடு வேலை பார்த்த ஃபோர்மேன் ஒருவர் வேறு ஊரில் தனியாக இருக்கிறார். மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, வந்துவிடு, இரண்டு பேரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடலாம் என்று எழுதியிருந்தார். வருகிறாயா இல்லையா என்று சொன்னால் போதும், இல்லாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன் என்றும் எழுதியிருந்தார். "இங்க ஹால் வேலையை முடிச்சுட்டுச் சொல்றேன்" என்று மைத்துனர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அத்தான் பழுதான வீட்டில் உட்கார்ந்திருக்க, தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது அவருக்குச் சரியாகப் படவில்லை.

வேண்டாம், இரு என்று ஒரு வார்த்தை சொல்ல டைம்கீப்பருக்கு வாய் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் கிளம்புகிறவர்களை அனுப்பிவைத்தே பழகிய மனிதர். நிறுத்திவைக்கிற வேலையை அவர் பார்த்ததே இல்லை.

மகள் போகும்போது அப்பாவின் ஃபோனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். "வீட்டு வைஃபையில எது எது சேர்ந்திருக்குன்னு இதுல வரிசையாத் தெரியும்ப்பா. இது டிவி. இது ஸ்பீக்கர். இது உங்க ஃபோன், இது மாமா ஃபோன். தெரியாத ஆளு யாராவது வந்து ஒட்டிக்கிட்டா, பேருக்குப் பக்கத்துல இருக்கற இந்தப் பொத்தானை அமுக்குங்க. வெளிய தள்ளிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் உள்ள வர முடியாது."

"தேவைன்னா திரும்ப விடலாமா?"

"இன்னொரு தடவை அமுக்கினா விட்டுடும்."

டைம்கீப்பர் தலையாட்டினார்.

மறுநாள் காலை மைத்துனர் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். டைம்கீப்பர் சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்து ஃபோனைத் திறந்தார். ஸ்பீக்கர் என்று எழுதியிருந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டைவிரலால், எறும்பைக்கூட நசுக்காத மாதிரி, மெல்ல அமுக்கினார். ஜன்னலோரத்தில் நீல விளக்கு சிவப்பாக மாறியது. ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திருட்டுப் பூனை மாதிரி சமையலறைக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு டம்ளரைக் கழுவினார்.

சாயங்காலம் மைத்துனர் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பாஸ்வேர்டைப் போட்டார். சிவப்பு விளக்கு அசையவில்லை.

"நேத்து நல்லாப் பேசினியேடா, இன்னிக்கு என்ன கோவம்?" என்று அதனிடமே கேட்டார்.

"விடு மச்சான், நாளைக்குப் பார்க்கலாம். வா, படம் பார்ப்போம்."

"எனக்குக் கேக்காதே அத்தான்."

"நான் சொல்றேன்."

டைம்கீப்பர் சோபாவின் இடது ஓரத்துக்கு நகர்ந்து வந்தார். நடுவில் இருந்த பிரம்பு நாற்காலியில் அவர் உட்காரவில்லை. அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, எட்டிச் சாய்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஆனால் அவருக்கு அது வரவில்லை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற குரல்தான் வந்தது.

"அவன் வரமாட்டானாம். அவ அழறா. அப்பா ஒத்துக்கல."

"அத்தான், அவ இவ்வளவு நேரம் பேசினாளே, அவ்வளவுதானா?"

"மத்ததெல்லாம் அழுகை."

"அக்கா அழுகையையும் சொல்லுவா."

"அழுகையை எப்படிய்யா சொல்றது?"

"எதுக்கு அழறான்னு சொல்லுவா."

டைம்கீப்பர் யோசித்தார். "அவன் வரமாட்டேன்னு சொல்றதுக்குத்தான் அழறா. அவன் வந்தா வேணாம்னு சொல்லிருப்பா. அப்படிப்பட்ட பொண்ணு."

மைத்துனர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இந்த முறை எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரித்தார். டைம்கீப்பருக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று. தப்பு செய்கிறவனுக்கு இப்படி ஒரு கூலி கிடைத்தால் அவன் எப்படித் தப்பை விடுவான்? மறுநாளும் விளக்கு சிவப்பாகவே இருந்தது.

மைத்துனர் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. லிஃப்ட் நின்றால் மேலேயிருந்து கீழே வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வருகிற கை அது. ரவுட்டரை டிவி மேசையிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். அலமாரி உச்சிக்கு ஏற்றினார். நடுவில் சுவர் தடுக்கிறதோ என்று ஸ்பீக்கரைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். அங்கேயிருந்து குளியலறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். ஹாலின் ஓரமாக ஒரு கேபிளை இழுத்து, சுவரோடு சுவராகக் கிளிப் அடித்தார். அந்த வேலையை மட்டும் பார்த்தால் யாரும் கைதட்டுவார்கள், அவ்வளவு நேர்த்தி. வேலை நடக்க நடக்க வீடு நிறைந்தாற்போல் இருந்தது. தரையில் கருவிகள், மேசையில் டீ டம்ளர்கள், இரண்டு பேருக்கும் நடுவே ஓயாத பேச்சு. ஃபோர்மேனின் மாடியறையைப் பற்றி அந்த வாரம் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் மைத்துனர் சட்டை நனைய ஏணியில் நிற்பதைப் பார்த்து டைம்கீப்பருக்கு மனசு கேட்கவில்லை. மேலே அவர் கேபிளை முறுக்கிக்கொண்டிருக்க, இவர் கீழே ஃபோனை எடுத்து அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டார். நீல விளக்கு வந்தது. மைத்துனர் ஏணியிலிருந்து கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"பார்த்தீங்களா அத்தான்! கேபிளை மாத்திக் குத்தினேன், வந்துடுச்சு! இந்தக் கை இன்னும் செத்துப் போகல!"

அன்று சாயங்காலம் இருவரும் படம் முழுவதையும் ஸ்பீக்கரில் கேட்டார்கள். டைம்கீப்பர் சோபாவின் வலது ஓரத்துக்கே திரும்பியிருந்தார். படம் முடிந்ததும் மைத்துனர், "ஃபோர்மேனுக்கு வர்றேன்னு எழுதிடணும். பாவம், காத்துக்கிட்டு இருப்பான்," என்றார்.

காலையில் டைம்கீப்பரின் கட்டைவிரல் மறுபடியும் அமுக்கியது.

மைத்துனர் நடைப்பயிற்சி முடிந்து வந்து சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். "நேத்து பேசிச்சு இல்ல?"

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். டைம்கீப்பர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பேசிச்சா?" என்றார்.

"நாம படம் பார்த்தோமே அத்தான். முழுப் படமும் அதுலதானே கேட்டேன்?"

"நான்தானே சொன்னேன் வழக்கம்போல?"

 மைத்துனர் ஸ்பீக்கரைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். அன்றைக்கு அவர் ஏணியை எடுக்கவில்லை. மத்தியானம் டீ போட்டுவிட்டு அடுப்பை அணைத்தோமா என்று திரும்பப் போய்ப் பார்த்தார். வெளியே போகும்போது சாவியை எடுத்துக்கொண்டேனா என்று கதவுக்கு வெளியே நின்று பையைத் தடவினார். சாயங்காலம் டைம்கீப்பர் வசனம் சொன்னபோது, "உம்" கொட்டிக்கொண்டிருந்தாரே தவிர சிரிக்கவில்லை.

இதெல்லாம் ஒரு அலுப்பு, சரியாகிவிடும் என்று டைம்கீப்பர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சரியாகவில்லை.

வார முடிவில் மகள் வந்தாள். வந்தவளிடம் மைத்துனர், முன்பே மனசுக்குள் எழுதிவைத்ததை வாசிப்பது போல், நிதானமாகச் சொன்னார்: "பாப்பா, உங்க லேப் பக்கம் ஞாபக மறதிக்குப் பார்க்கற டாக்டர் இருக்காராமே. அவர்கிட்ட என்னைக் கூட்டிக்கிட்டுப் போ."

"எதுக்கு மாமா?"

"நடந்ததா நடக்கலையான்னு எனக்குக் குழப்பம் வருது. உன் தாத்தா, எங்கப்பா, அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடிகாரத்தைக் கொண்டுபோய்ச் சர்க்கரை டப்பாக்குள்ள வெச்சுட்டு, யாரோ திருடிட்டாங்கன்னு ஊரைக் கூட்டினார். அப்புறம் என்னையே யாருன்னு கேட்டார்." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினார். பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்றில் விழுந்தன. "இந்த நிலைமையில ஃபோர்மேன் வீட்டுக்குப் போயி அவனுக்குப் பாரமா இருக்கக் கூடாது. இங்க அத்தானுக்கும் பாரமா இருக்கக் கூடாது. ஏதாவது ஒரு இல்லத்துல சேர்த்து விட்டுடுங்க. என்கிட்ட கேக்கற அளவுக்குப் புத்தி இருக்கும்போதே கேட்டுடறேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். டைம்கீப்பர் சோபாவில் உட்கார்ந்திருந்த விதம் அவளுக்குப் புதிதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் மாதிரி இருந்தார்.

"மச்சான், சட்டையைக் கழட்டு," என்றார்.

"என்ன அத்தான்?"

"டாக்டர் வேணாம். உனக்கு ஒண்ணும் இல்ல." டைம்கீப்பர் எழுந்து வந்து மைத்துனரின் வலது பக்கமாக நின்றார். காதில் விழாமல் போய்விடக் கூடாது என்பதற்காகக் குரலை உயர்த்திச் சொன்னார்; அதனால் அது ஒரு அறிவிப்பு மாதிரியே ஆகிவிட்டது. "ஸ்பீக்கர் அன்னிக்குப் பேசிச்சு. முழுப் படமும் நீ அதுலதான் கேட்டே. நான் பொய் சொன்னேன்."

ஃபோனை எடுத்து, ஆப்பைத் திறந்து, பொத்தானை அமுக்கிக் காட்டினார். நீல விளக்கு வந்தது. மறுபடி அமுக்கினார். சிவப்பு. மறுபடி. நீலம்.

மைத்துனர் விளக்கையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "தினமும் நீங்கதானா?"

"ஆமா."

"நான் ஏணியில ஏறி நின்னப்பவும்?"

"அப்ப நான்தான் விட்டேன். மறுநாள் காலையில திரும்ப வெளிய தள்ளிட்டேன்."

"எதுக்கு?"

"இது சேர்ந்துட்டா நீ கிளம்பிடுவியே."

"அதை வாயால சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

"வரல," என்றார் டைம்கீப்பர். "பல தடவை வாய் வரைக்கும் வந்துது. வரல."

மைத்துனரின் முகம் சிவந்தது. "என் அப்பா மாதிரி ஆயிட்டேன்னு நினைச்சுப் படுக்கையில உக்காந்து அழுதேன் அத்தான். தெரியுமா உங்களுக்கு? என் பேரை நானே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டேன்." அதற்குமேல் நிற்காமல் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா மட்டும் இருந்திருந்தா உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டா."

"அவ இருந்திருந்தா இவன் ஏம்மா போறான்?" என்றார் டைம்கீப்பர்.

 மகள் கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

கதவைத் தட்டினாலும் உள்ளே கேட்காது. ஆகவே டைம்கீப்பர் தட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டீ ஆறியது. மகள் இன்னொன்று கொண்டுவந்து வைத்தாள், அதுவும் ஆறியது. ஒருவழியாகக் கதவு திறந்தபோது, மைத்துனர் அவர் மடியிலேயே தடுக்கி விழப் பார்த்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"நீ எப்ப வெளிய வருவேன்னு உக்காந்திருக்கேன்."

மைத்துனர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். கோபம் வடிந்து, வேறு எதுவோ மிச்சமிருந்த முகம். "அத்தான், நான் ஒண்ணு கேக்கறேன். அக்கா இருந்த வரைக்கும் அவ தம்பின்னு இந்த வீட்டுல இருந்தேன். யாரும் கேக்கல, நானும் யோசிக்கல. இப்ப அவ இல்ல. இனிமே நான் எந்தக் கணக்குல இங்க இருக்கறது? அக்கம்பக்கத்துல கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

டைம்கீப்பர் இதை எதிர்பார்க்கவில்லை. அந்த மாடியறையைவிட இதுதான் மைத்துனரைக் கிளப்பிக்கொண்டு போகிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"அவ புருஷன்னு நான் இருந்தேன்," என்றார் மெதுவாக. "இப்ப நான் மட்டும் எந்தக் கணக்குல இருக்கேன்? எனக்கு என்ன கணக்கோ அதே கணக்குல நீயும் இரு."

மைத்துனருக்கு அது முழுதாகக் காதில் விழவில்லை. "என்ன சொன்னீங்க?"

டைம்கீப்பர் எழுந்து, அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் போய், இன்னொரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருந்தது. "போகாதே மச்சான்" என்பதையும் கூடவே சேர்த்துச் சொல்லிவிட்டார்.

 மைத்துனர் தவறாகப் போட்டிருந்த பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார். "முதல்ல அந்த ஃபோனைக் கொடுங்க."

"எதுக்கு?"

"அந்த ஆப் இனிமே என் ஃபோன்ல இருக்கட்டும். உங்ககிட்ட இருந்தா வீடு தாங்காது. யாரை உள்ள விடறது, யாரை வெளிய தள்றதுன்னு இனிமே நான் பார்த்துக்கறேன்."

"எடுத்துக்கோ."

"உங்க ஃபோனையே ஒரு வாரத்துக்கு வெளிய தள்ளி வைக்கப் போறேன். அப்பத்தான் தெரியும்."

"தள்ளு."

"பாப்பா, சாட்சிக்கு நீ இருக்கே," என்றார் மைத்துனர். சமையலறை வாசலில் நின்ற மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரிடம் போவதை மட்டும் அவள் விடவில்லை. ஞாபகத்துக்குப் பதிலாகக் காதைப் பரிசோதித்துவிட்டு வரலாம் என்றாள். "இவ்வளவு வருஷமா யாருக்கும் தோணாம இருந்திருக்கு பாருங்க, டிவியில வர்றதை ஆளாளுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தா காதைப் பார்க்க எப்படித் தோணும்?"

காது டாக்டர் ஒரு கருவிக்கு அளவெடுத்தார். வர நாளாகும் என்றார். திரும்பி வந்ததும் மைத்துனர் ஆப்பைத் தன் ஃபோனில் ஏற்றிக்கொண்டு, ரவுட்டர் அட்டைப்பெட்டியை நாற்காலிமேலிருந்து எடுத்துப் பரணில் போட்டார். பிரம்பு நாற்காலி துடைத்துவிட்டது போல் காலியாக நின்றது. ஒரு கணம் பார்த்துவிட்டு, "அத்தான், கொஞ்சம் ஒத்தாசை," என்று சொல்லி, சாய்வு நாற்காலியை இழுத்து அதை ஒட்டிப் போட்டார். டைம்கீப்பர் சோபாவை இந்தப் பக்கமிருந்து தள்ளினார். மூன்றும் நெருங்கி வந்தன.

மிச்சமிருந்தது ஃபோர்மேன். ஃபோனில் பேசினால் அவருக்கும் கேட்காது, இவருக்கும் கேட்காது. இரண்டு பேரும் "ஹலோ ஹலோ" என்றே கத்திவிட்டு வைப்பார்கள். ஆகவே கடிதம்தான். மைத்துனரின் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால், டைம்கீப்பர் எழுத உட்கார்ந்தார். தேதி போட்டு, கோடு கோணாமல் இரண்டு பக்கமும் ஓரம் விட்டு, நலம் விசாரித்தார்.

"வர முடியாததுக்கு என்ன காரணம்னு எழுதறது?"

"உடம்புக்கு முடியலைன்னு எழுதுங்க."

"பொய் வேணாம். பட்டது போதும்."

"அப்ப ஹால் வேலை முடியலைன்னு எழுதுங்க."

"அதுவும் பொய்தான்."

மைத்துனர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "என் அத்தான் என்னை விடமாட்டேங்கறார்னு எழுதுங்க. எனக்கும் போக இஷ்டமில்லைன்னு எழுதுங்க. மாடியறையை நல்ல ஆளாப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்க. ஒருதரம் இங்க வந்து தங்கிட்டுப் போகச் சொல்லுங்க, ரெண்டு செவிடும் சேர்ந்து படம் பார்க்கலாம்."

சொன்னதைச் சொன்னபடியே டைம்கீப்பர் எழுதினார். "விடமாட்டேங்கறார்" என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முடித்து, வாசித்துக் காட்டி, மைத்துனரிடம் கையெழுத்து வாங்கி, மூன்றாக மடித்து உறைக்குள் போட்டார். நாக்கால் நனைக்கப் போன மகளைத் தடுத்து, தண்ணீர் தொட்டு ஒட்டி, ஸ்கேல் வைத்து அழுத்தினார். விலாசத்தை ஒருமுறை சரிபார்த்து, தபால்தலையை மூலைக்குச் சரியாக ஒட்டினார்.

இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார்கள். மைத்துனர் உறையைத் தபால்பெட்டியின் வாய்க்குள் வைத்து, உள்ளே விழுகிற வரை விரலால் தள்ளினார்.